முன்னால் போவது யார்

மலையில் குடும்பத்தோடு ஓடக் கிளம்புகிறவர்கள் எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ஏற்றம், எந்த ஷூ என்றுதான் முதலில் யோசிப்பார்கள். நான் முதலில் யோசிப்பது வரிசையைப் பற்றி. ஒற்றையடிப் பாதையில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் ஓட இடம் இருக்காது. முன்னால் போகிறவரின் வேகம்தான் பின்னால் வருகிற எல்லோருக்கும் வேகம். அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. இருப்பதிலேயே மெதுவாகப் போகிறவர் முன்னால், நன்றாக ஓடுகிறவர் கடைசியில்.

என் மகளுக்கு 11 வயது. கிளம்பும்போது அவள்தான் முன்னால். அவளுக்குப் பின்னால் எங்கள் நாய் ஜூலி, ஜூலியின் கயிற்றை இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொண்டு நான், எனக்குப் பின்னால் கணவர். கடைசியில் என் தம்பி. எங்களில் உண்மையான ஓட்டக்காரன் அவன்தான். அவன் கடைசியில் வருவதைப் பார்க்கும் மற்ற ஓட்டக்காரர்கள் அவனுக்கு ஏதோ அடிபட்டிருக்கிறது என்று நினைத்து, நின்று விசாரித்துவிட்டுப் போவதும் உண்டு.

வேகமானவர் முன்னால் போனால் என்ன ஆகும் என்பதை எந்த மலைப்பாதையிலும் பார்க்கலாம். அவர் விறுவிறுவென்று மேலே ஏறி, ஒரு வளைவில் நின்று, மூச்சு அடங்கும்வரை மற்றவர்களுக்காகக் காத்திருப்பார். மற்றவர்கள் மூச்சு வாங்க வாங்க வந்து சேர்ந்ததும், “சரி, எல்லாரும் வந்தாச்சு, போலாமா?” என்று கிளம்பிவிடுவார். ஓய்வு தேவைப்படாதவருக்கு முழு ஓய்வும் கிடைத்திருக்கும். தேவைப்பட்டவருக்கு அரை நிமிடம்கூடக் கிடைத்திருக்காது. இப்படி நாலு வளைவு போனால் போதும், குழந்தைக்கு மலையே வேண்டாம் என்று ஆகிவிடும். பெரியவர்களும் அப்படி வெறுத்துப் போவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை, அடுத்த முறை வருவதில்லை, அவ்வளவுதான்.

குழந்தையை முன்னால் விட்டால் ஓட்டத்தின் போக்கே மாறிவிடும். பெரியவர்கள் ஒரே சீராக ஓடப் பார்ப்பார்கள். குழந்தைகள் அப்படி ஓடுவதில்லை. நூறு அடி பறப்பார்கள், நிற்பார்கள், குனிந்து எதையோ பார்ப்பார்கள், மறுபடி பறப்பார்கள். சாலையில் இப்படி ஓடினால் கூட வருகிறவருக்கு எரிச்சல் வரும். மலைப்பாதைக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. அங்கே பாதையும் அப்படித்தான் இருக்கிறது. கொஞ்சம் சமமாக ஓடும், திடீரென்று வேர்களும் பாறையுமாக நிமிரும், ஓர் ஓடையில் வந்து முடிந்ததுபோல் தோன்றி அக்கரையில் மறுபடி தொடங்கும். மகள் நிற்கிற இடங்களில் நாங்களும் நிற்போம். கடிகாரத்தில் நேரம் ஓடிக்கொண்டிருக்கும், ஓடட்டும்.

நேரத்தைப் பற்றிக் கவலைப்படாமல் மலைக்குப் போகலாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. எப்போது திரும்ப வேண்டும் என்று தெரியாமல் குழந்தையையும் நாயையும் கூட்டிக்கொண்டு மேலே போகக் கூடாது. அதற்கு வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-ல் சொன்ன கணக்கு இன்றைக்கும் உதவுகிறது. கிலோமீட்டரில் சொன்னால், 5 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். நாங்கள் அடிக்கடி போகும் பாதை 9 கிலோமீட்டர், ஏற்றம் 600 மீட்டர். அவர் கணக்குப்படி 2 மணி 48 நிமிடம். அது நடப்பவர்களுக்கான கணக்கு. ஓடினால் நேரம் மிச்சமாகுமே என்று தோன்றும். மிச்சமாகத்தான் செய்கிறது. மிச்சமானது முழுவதும் ஓடையிலும் நிழலிலும் செலவாகிவிடுகிறது. அதனால் நெய்ஸ்மித்தின் கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு மேலே ஒரு மணி நேரத்தைக் கூட்டிக்கொள்வேன். எத்தனை மணிக்குத் திரும்புவது என்பது கிளம்பும் முன்பே எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

ஏற்றத்தில் நாங்கள் நடப்போம். இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. மலை ஓட்டம் என்றால் மலை முழுக்க ஓடுவது என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் முதல் செங்குத்திலேயே மனம் விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கு மான் பிளாங்க் மலையைச் சுற்றி நடக்கும் யூடிஎம்பி ஓட்டத்தைப் பற்றிச் சொல்வேன். 2003-ல் தொடங்கிய ஓட்டம் அது. பிரான்ஸில் கிளம்பி இத்தாலி, சுவிட்சர்லாந்து வழியாகத் திரும்பி வர ஏறக்குறைய 170 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் ஏறக்குறைய 10,000 மீட்டர். முடிப்பதற்குக் கொடுக்கும் நேரம் 46 மணி 30 நிமிடம். வகுத்துப் பாருங்கள், மணிக்கு 4 கிலோமீட்டருக்கும் குறைவு. உலகத்திலேயே பேர்பெற்ற மலை ஓட்டத்தைக் கடைசி நிமிடத்தில் முடிக்கிறவரும் முடித்தவர்தான். அங்கே முன்னணியில் வருகிறவர்களே செங்குத்தான இடங்களில் தொடையில் கை ஊன்றி நடக்கிறார்கள். என் மகளுக்கு அந்த ஊன்றல் வந்துவிட்டது. உடம்பை லேசாக முன்னால் சாய்த்து, உள்ளங்கையை முட்டிக்குச் சற்று மேலே வைத்து, அடி வைக்கும்போது அழுத்துவாள். யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை, அவள் மாமாவைப் பார்த்துப் பழகியதுதான்.

இனி ஜூலியைப் பற்றி. இதில்தான் வரிசைக் கணக்கு சிக்கலாகிறது.

ஓட்டத்தில் எங்கள் எல்லோரையும்விட வேகமானவள் ஜூலி. வெப்பத்தைத் தாங்குவதில் எல்லோரையும்விடக் கீழே இருப்பவளும் அவள்தான். மனிதர்களுக்கு உடம்பெல்லாம் வியர்க்கும், வியர்வை காயும்போது உடம்பு குளிரும். நாய்க்கு அந்த வசதி கிடையாது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், அது எதற்கும் போதாது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பதுதான் அதற்கு முக்கியமான வழி. காற்றில் ஈரம் கூடிவிட்டால் அந்த வழியும் பாதி அடைபட்டுவிடும். நாயின் சாதாரண உடல் வெப்பமே 38 முதல் 39 டிகிரி வரை இருக்கும். அது 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. நமக்கு இதமாக இருக்கிற காலை வெயிலில், ஓடிக்கொண்டிருக்கும் நாய்க்கு அந்த இரண்டு மூன்று டிகிரி ஏறுவதற்கு அதிக நேரம் ஆகாது.

அதைவிடப் பெரிய சிக்கல், அவள் நிறுத்த மாட்டாள் என்பது. மகளுக்குக் கால் வலித்தால் சொல்வாள், சொல்லாவிட்டாலும் முகத்தில் தெரியும். கணவருக்கு முட்டி வலித்தால் பேச்சு குறையும். ஜூலிக்கு நாங்கள் ஓடுகிறோம் என்பது ஒன்றே போதும், கூடவே ஓடிக்கொண்டிருப்பாள். எங்களோடு இருக்க வேண்டும் என்ற ஆசை அவளுக்குக் களைப்பைவிடப் பெரிது. அந்த ஆசையை நம்பி அவளை ஓட்டுவது நியாயமே இல்லை. அவளுக்குப் பதிலாக நாம்தான் போதும் என்று சொல்ல வேண்டும்.

அவள் நாக்கைப் பார்ப்பேன். கிளம்பும்போது அது ஒடுக்கமாக, வாயின் ஒரு பக்கமாக, ஓட்டத்துக்கு ஏற்றபடி ஆடிக்கொண்டிருக்கும். சூடு ஏற ஏற நீளும். அப்புறம் நுனி அகன்று, தட்டையாகி, ஓரங்கள் மேல்நோக்கி மடங்கிக் கரண்டிபோல் ஆகிவிடும். வாயோரம் பின்னால் இழுபட்டுக் கடைவாய்ப்பல் வரைக்கும் தெரியும். அந்தக் கட்டத்தில் கடிகாரம் என்ன சொன்னாலும் சரி, நிழல் எங்கே என்று தேட வேண்டும். கயிறும் சொல்லும். எப்போதும் என்னை முன்னால் இழுத்துக்கொண்டு போகிறவள், கயிறு தொய்ந்து எனக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் அது ஒழுங்கு இல்லை, களைப்பு. ஈறு கருஞ்சிவப்பாகிவிட்டாலோ, நடை தள்ளாடினாலோ, வாந்தி எடுத்தாலோ ஓட்டம் அதோடு முடிந்தது. உடனே நிழலில் விட்டு உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, காற்றுப் படவிட்டு, அங்கிருந்தே கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். குளிர வைப்பது முதலில், தூக்கிக்கொண்டு போவது அடுத்து.

வெயில் ஏறியதும் எங்கள் வரிசையில் மெதுவானவர் யார் என்பது மாறிவிடுகிறது. அதிகாலையில் மகள். வெயில் வந்துவிட்டால் ஜூலி. இறக்கத்தில் என் கணவர், அவர் முட்டி அப்படி. யார் எந்த நேரத்தில் மெதுவானவர் என்பதை ஓடிக்கொண்டே கண்டுபிடித்துக்கொண்டிருக்க வேண்டும். குடும்பத்தோடு ஓடுவதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். தனியாக ஓடும்போது என் மூச்சை மட்டும் கேட்டால் போதும். சேர்ந்து ஓடும்போது எல்லோருடைய காலடிச் சத்தமும் காதில் விழும். பின்னால் கணவரின் இடது கால் கொஞ்சம் கனமாக விழத் தொடங்கினால், திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிடும்.

ஓடையில் நிற்கும்போது ஜூலியின் பாதங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி விரல்களுக்கு இடையில் விரித்துப் பார்ப்பாள் மகள். அந்த வேலை அவளுடையது, வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். பாதத்தின் கறுப்பு மெத்தைகளுக்கு நடுவே மயிர் சுருண்டு கிடக்கும், அதில் சின்னச் சரளைக் கல் ஒன்று ஒளிந்துகொண்டிருக்கும். ஒரு நாள் முள் ஒன்று பாதியாக முறிந்து உள்ளே நின்றது. ஜூலி நொண்டவே இல்லை. மகள் விரலை வைத்ததும் காலை லேசாக இழுத்துக்கொண்டாள், அவ்வளவுதான். “அம்மா, இங்க தொட்டா இழுக்கிறா பாரு” என்றாள் மகள். அப்படித்தான் தெரிந்தது. தண்ணீரில் நனைத்து, மெதுவாக அழுத்தி, முள்ளை எடுத்தோம்.

வெயிலில் கிடக்கும் பாறையையும் பார்க்க வேண்டும். புறங்கையைப் பாறையில் வைத்து ஐந்தாறு நொடி வைத்திருக்க முடியாவிட்டால் அவளாலும் அதன்மேல் நடக்க முடியாது. நம் காலில் ஷூ இருப்பதால் இது நமக்கு மறந்துபோகிறது. தண்ணீர் அவளுக்கென்று தனியாக எடுத்துப்போவோம், மடக்கு கிண்ணம் ஒன்றும் உண்டு. ஆனால் அவளுக்கு எங்கள் கையிலிருந்து குடிப்பதுதான் பிடிக்கும். நாய் தண்ணீர் குடிப்பதைக் கிட்டத்தில் பார்த்தால் நாக்கு முன்னால் வளைவதில்லை, பின்பக்கமாகத் தாடையை நோக்கி மடங்குகிறது. தண்ணீரை அள்ளுவதுபோல் இருந்தாலும், நாக்கை வேகமாக இழுக்கும்போது கூடவே எழும்பி வரும் தண்ணீரைத்தான் வாயை மூடிப் பிடித்துக்கொள்கிறது. என் கையில் பாதிக்கு மேல் சிந்திவிடும். அதனால் நிறையவே எடுத்துப்போக வேண்டியிருக்கிறது. நாம் தின்பதை அவளுக்குக் கொடுப்பதில்லை. உலர்ந்த திராட்சையும் சாக்லேட்டும் ஓட்டக்காரர்களின் பையில் எப்போதும் இருப்பவை, இரண்டும் நாய்க்கு விஷம்.

குட்டியிலேயே மலைக்குக் கூட்டிப்போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நடக்கலாம், விளையாடலாம். கயிறு கட்டி நீண்ட தூரம் ஓட வைக்கக் கூடாது. வளர்கிற நாயின் எலும்பு முனைகளில் இருக்கும் மென்மையான வளர்ச்சிப் பகுதி கெட்டிப்பட ஓராண்டு ஆகும், பெரிய இனங்களுக்கு ஒன்றரை ஆண்டு வரைகூட ஆகும். அதுவரை பொறுப்பதுதான் நல்லது. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இந்த விளையாட்டே வேண்டாம். மூச்சிரைத்து உடம்பைக் குளிர வைக்க அவற்றின் மூக்கும் தொண்டையும் போதாது.

2016-ல் சீனாவில் நடந்த 250 கிலோமீட்டர் பல நாள் பாலைவன ஓட்டம் ஒன்றில், தியோன் லியோனார்ட் என்ற ஓட்டக்காரரின் பின்னாலேயே ஒரு சின்னத் தெருநாய் ஓடி வந்தது. கோபி என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 100 கிலோமீட்டருக்கும் மேல் அவரோடு ஓடியது. அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் அந்தக் கிலோமீட்டர்களைத்தான் சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்த இடம் வேறு. வெயில் மிகவும் கடுமையாக இருந்த கட்டங்களில் கோபியை ஓட விடவில்லை, வண்டியில் ஏற்றி எல்லைக்கோட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஓட விட்டிருந்தால் அது ஓடியிருக்கும். அதனால்தான் விடவில்லை.

நாயோடு ஓடும் விளையாட்டுக்கு கேனிகிராஸ் என்று பெயர். பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் நாய்களுக்குப் பனி இல்லாத காலத்திலும் பயிற்சி கொடுக்க வேண்டியிருந்தது, அதிலிருந்து கிளைத்தது. கழுத்துப் பட்டையில் கயிறு கட்டி ஓடக் கூடாது, இழுக்கும்போது மூச்சுக்குழாயை அழுத்தும். நெஞ்சிலும் தோளிலும் படியும் ஹார்னஸ், நமக்கு இடுப்பு பெல்ட், நடுவே இழுத்தால் நீளும் சுமார் 2 மீட்டர் கயிறு. ஏற்றத்தில் ஜூலி இழுப்பது பெரிய உதவி, மறைக்க மாட்டேன். இறக்கத்தில் அதே இழுப்பு என்னைக் கீழே தள்ளிவிடும். அதனால் உச்சியிலிருந்து திரும்பும்போது அவளை என் பின்னால் வரச் சொல்வேன். ‘பின்னால’ என்ற ஒரு சொல்லைப் பழக்கியிருக்கிறோம், பெரும்பாலும் கேட்பாள். கயிற்றை அவிழ்த்துவிடலாமே என்று தம்பி கேட்பான். மேய்கிற மந்தை இருக்கும் இடம், காட்டு விலங்கு இருக்கும் இடம், எதிரே ஆள் வரும் பாதை எதிலும் நான் அவிழ்ப்பதில்லை. நாம் விரும்பி வந்த மலைதான், ஆனால் அங்கே இருக்கிற மற்ற உயிர்கள் நம் நாயை அழைக்கவில்லை.

இறக்கத்தில் வரிசை மாறும். கணவர் முன்னால் வருவார். இறங்குவதுதான் சுலபம் என்று பலரும் நினைக்கிறார்கள், மூச்சுக்கு அது சரி. ஆல்பர்ட்டோ மினெட்டியும் உடன் ஆய்வாளர்களும் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், 20 சதவீதச் சரிவில் இறங்கி ஓடும்போதுதான் உடம்பு செலவழிக்கும் சக்தி எல்லாவற்றையும்விடக் குறைவு என்று கண்டார்கள். அதைவிடச் செங்குத்தானால் செலவு மறுபடி கூடுகிறது. ஆனால் தொடைக்கு வேறு கணக்கு. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்க வேண்டும். அப்படித் தாங்கும்போதுதான் தசை இழைகள் நுண்ணிய அளவில் சேதமாகின்றன. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் மாடிப்படி இறங்கும்போது தெரியும். நல்ல செய்தி, ஒருமுறை இப்படி வலித்த தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கத்தை எளிதாகத் தாங்கும். கணவரின் முட்டிக்கு நாங்கள் செய்வது ஒன்றுதான். சின்னச் சின்ன அடியாக, அடிக்கடி கால் மாற்றி, குதிகாலை முன்னால் நீட்டி ஊன்றாமல் இறங்குவது. அவர் முன்னால் அப்படி இறங்கினால் மகளும் அப்படித்தான் இறங்குவாள். இல்லாவிட்டால் அவள் பறப்பாள். எடை குறைவு, பயமும் குறைவு. அவளுக்கு முன்னால் ஓர் ஆள் இருப்பது என் நிம்மதிக்கும் சேர்த்துத்தான்.

கடைசியாகப் போனபோது உச்சிக்குக் கிட்டத்தட்டப் போய்விட்டோம். மேலே மரங்கள் முடிந்து புல்வெளி தொடங்கும் இடம், அங்கிருந்து உச்சிப் பாறை கண்ணுக்குத் தெரியும். மேற்கே மேகம் திரண்டு கறுத்துக்கொண்டே வந்தது. உயரம் ஏற ஏறக் குளிரும் கூடும், சராசரியாக 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி. வியர்த்த சட்டையில் காற்று அடித்ததும் மகளுக்கு உதடு நடுங்கியது. சின்ன உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். அவளுக்கு மேல்சட்டையை மாட்டிக்கொண்டிருக்கும்போதே தூரத்தில் இடி. மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எண்ணினால் மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். ஆனால் இடி காதில் விழுந்துவிட்டாலே மின்னல் நம்மைத் தொடும் தூரத்தில்தான் இருக்கிறது. வெட்டவெளியில் நிற்க நேரம் இல்லை.

தம்பி பின்னாலிருந்து, “அக்கா, நான் மட்டும் ஓடிப் போய்ட்டு வந்துடறேன், ஆறே நிமிஷம்” என்றான். அவனால் ஆறு நிமிடத்தில் முடியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

“வேண்டாம்டா. வா.”

அவன் ஒரு தரம் பாறையைப் பார்த்தான். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் ஒதுங்கி நின்று எங்கள் எல்லோரையும் முன்னால் போகவிட்டு, கடைசியில் வந்து சேர்ந்துகொண்டான். பாதி இறக்கத்தில் மழை பிடித்துக்கொண்டது, பாதை வழுக்கத் தொடங்கியது. வேர்களின்மேல் கால் வைக்காமல், கல் இருக்கும் இடமாகப் பார்த்து இறங்கினோம். மகள் ஓர் இடத்தில் சறுக்கியபோது மேல்சட்டையின் தொப்பியைப் பிடித்து நிறுத்தியது அவன் கைதான். வரிசையில் கடைசி ஆள் நன்றாக ஓடுகிறவராக இருக்க வேண்டும் என்று சொல்வது இதற்கும் சேர்த்துத்தான். யார் விழுந்தாலும் அவர் கண்முன்னால்தான் விழுவார்கள்.

கீழே வந்ததும் துண்டால் ஜூலியைத் துடைத்துவிட்டு, காது மடல், அக்குள், விரலிடுக்கு எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தோம். எங்கள் கெண்டைக்காலையும் முட்டிக்குப் பின்புறத்தையும்கூட. புல்வெளி வழியாக வந்த நாளில் இதை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதில்லை.

அன்றிலிருந்து மகள் ஒரே பிடியாக நிற்கிறாள். ஜூலியின் பெல்ட்டைத் தன் இடுப்பில் கட்ட வேண்டுமாம். ஜூலி 22 கிலோ, மகள் 31 கிலோ. ஓர் அணில் குறுக்கே ஓடினால் போதும். சமதளத்தில், அகலமான பாதையில், நான் பக்கத்தில் ஓட, முதலில் பழகட்டும் என்று சொல்லியிருக்கிறேன். ‘நில்’ என்று அவள் சொல்லி ஜூலி நிற்க வேண்டும், ‘பின்னால’ என்று அவள் சொல்லி ஜூலி பின்னால் வர வேண்டும். இரண்டும் வந்துவிட்டால் ஏற்றத்தில் மட்டும் பெல்ட் அவளுக்கு. இறக்கத்துக்கு இன்னும் சில வருடம் போகட்டும். அதற்கு அவள் ஒத்துக்கொண்டுவிட்டாள், ஆனால் ஒரு நிபந்தனை: பெல்ட் கட்டுகிற அன்றும் முன்னால் போவது அவள்தான். ஜூலி அவளுக்கும் முன்னால் இழுத்துக்கொண்டு போவாளே, அப்போது வரிசையில் முதல் ஆள் யார் என்று அவள் மாமா கேட்டான். ஜூலிதான், வெயில் வந்ததும் ஜூலி சொல்வதைத்தானே நாம் கேட்கிறோம் என்றாள்.